வியர்ட் அல் பாட்டைப் பற்றி வாதாட வருகிறவர்களுக்கு

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாகர்கோவில் வடசேரியில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் பத்துப் பேர் கூடுகிறோம். அமெரிக்காவில் அக்கார்டியன் வாசித்தபடி மற்றவர்களின் ஹிட் பாட்டுகளைப் பகடிப் பாட்டாக மாற்றிப் பாடும் வியர்ட் அல் யாங்கோவிக் என்ற மனிதரைப் பற்றி ராத்திரி ஒன்பது மணி வரை வாதாடுகிறோம். மார்த்தாண்டத்திலிருந்தும் தக்கலையிலிருந்தும் பஸ் ஏறி வருகிறார்கள், குளச்சலிலிருந்து ஒரு அண்ணன் பைக்கில் வருகிறார். சமீபத்தில் புதிதாகச் சேர்ந்த நாலு பேரும் ஒரே மாதிரி தடுமாறினார்கள், அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதை இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன். எங்கள் கூட்டத்துக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் ஊரில் மூன்று பேர் சேர்ந்து இதே மாதிரி உட்காரலாம், அதற்கும் இது போதும்.

ஆளைத் தெரியாதவர்களுக்கு முதலில் நாலு வரி. முழுப்பெயர் ஆல்பிரட் மேத்யூ யாங்கோவிக், 1959 அக்டோபரில் கலிபோர்னியாவில் பிறந்தவர். ஏழாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் அக்கார்டியன் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள், இன்று வரை அதை அவர் கீழே வைக்கவில்லை. கட்டிடக்கலை படித்தார். படிக்கும்போதே 1979-இல், கல்லூரி வானொலி நிலையத்துக்கு எதிரே இருந்த கழிப்பறையில் உட்கார்ந்து ஒரு பாட்டைப் பதிவு செய்தார், அங்கே எதிரொலி நன்றாக வரும் என்பதற்காக. அப்போது எல்லா வானொலியிலும் ஓடிக்கொண்டிருந்த ‘மை ஷரோனா’ என்ற பாட்டை ‘மை பொலோனா’ என்று மாற்றியிருந்தார். பொலோனா என்பது ரொட்டிக்குள் வைத்துத் தின்கிற ஒரு இறைச்சித் துண்டு. காதலியின் பெயர் இருந்த இடத்தில் இறைச்சித் துண்டு, அவ்வளவுதான் விஷயம், அங்கிருந்து ஆரம்பித்தவர் ஐந்து கிராமி விருது வாங்கிவிட்டார்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் வேலை: மூலப் பாட்டை மூன்று தடவை கேளுங்கள்

இதைச் செய்யாமல் எங்கள் மாடிக்கு வந்தால் உட்கார வைத்து முதலில் மூலப் பாட்டைத்தான் போடுவோம். நம் ஊரில் ஒருவர் இன்னொருவரின் நடையைச் செய்து காட்டும்போது அந்த இன்னொருவரை நமக்குத் தெரிந்திருந்தால்தான் சிரிப்பு வரும், தெரியாவிட்டால் யாரோ கோணலாக நடக்கிறார் என்று மட்டும் தோன்றும். பகடிப் பாட்டும் அப்படித்தான். புதியவர்களில் பலர் பகடியைக் கேட்டுவிட்டு ‘காமெடியாகத்தான் இருக்கு, ஆனா இதுல என்ன பெரிய விஷயம்’ என்று கேட்பது இதனால்தான், அவர்கள் பாதிப் பாட்டைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

மூன்று தடவை என்பதற்குக் காரணம் உண்டு. முதல் தடவை மெட்டு மனதில் ஏறும், இரண்டாவது தடவை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள், மூன்றாவது தடவை சொற்களை விட்டுவிட்டுப் பாடுகிறவர் எங்கே மூச்சு விடுகிறார், எங்கே குரலை உடைக்கிறார், பின்னால் என்ன வாத்தியம் எப்போது நுழைகிறது என்று மட்டும் கவனியுங்கள். பிறகு பகடியைப் போட்டால், அதே மூச்சை அதே இடத்தில் அல் விடுவது கேட்கும். அவருடைய குழு பின்னணி இசையை எங்கேயும் நகல் எடுப்பதில்லை, ஒவ்வொரு வாத்தியத்தையும் புதிதாக வாசித்துப் பதிவு செய்கிறது. ராக், ராப், நாட்டுப்புற மெட்டு எதுவானாலும் அதே ஆட்கள்தான். டிரம்மர் ஜான் ஷ்வார்ட்ஸ் 1980-இல் ஒரு வானொலி நேரலையில் அக்கார்டியன் பெட்டியின் மேல் கையால் தட்டித் தாளம் போட்டவர், இன்றைக்கும் அவர்தான் டிரம்ஸ்.

ஆரம்பிக்க ஐந்து ஜோடி சொல்கிறேன், இந்த வரிசையிலேயே கேளுங்கள். மைக்கேல் ஜாக்சனின் ‘பீட் இட்’, பிறகு 1984-இல் வந்த ‘ஈட் இட்’. ஜாக்சனின் ‘பேட்’, பிறகு 1988-இல் வந்த ‘ஃபேட்’. நிர்வானா குழுவின் ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’, பிறகு 1992-இல் வந்த ‘ஸ்மெல்ஸ் லைக் நிர்வானா’. கூலியோ பாடிய ‘கேங்ஸ்டாஸ் பாரடைஸ்’, பிறகு 1996-இல் வந்த ‘ஆமிஷ் பாரடைஸ்’. கடைசியாக கமிலியனேர் பாடிய ‘ரைடின்’, பிறகு 2006-இல் வந்த ‘ஒயிட் அண்ட் நெர்டி’. முதல் இரண்டிலும் தலைப்பில் என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். ‘பீட்’ என்பதில் முதல் ஒலியை எடுத்துவிட்டார், ‘பேட்’ என்பதில் தொடக்கத்தையும் முடிவையும் கொஞ்சம் அசைத்தார். சண்டையை விட்டு விலகிப் போகச் சொல்லும் ஒரு பாட்டு, தட்டில் இருப்பதைத் தின்னச் சொல்லும் பாட்டாகிவிட்டது. பெரிய மாற்றமே இல்லாமல் முழு அர்த்தமும் கவிழ்வது இந்தக் கலையின் உச்சம் என்பது என் கட்சி. மாடியில் பாதிப் பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவர்கள் ‘ஒயிட் அண்ட் நெர்டி’ கட்சி. அது அமெரிக்க ஹிட் பாட்டுப் பட்டியலில் 9-ஆம் இடம் வரை போனது, அவருடைய தனிப்பாட்டுகளில் முதல் பத்துக்குள் நுழைந்தது அது ஒன்றுதான். மூலத்தைப் பாடிய ராப் பாடகரே அவர் ராப் பாடியதைப் பாராட்டினார்.

இரண்டாவது: எந்த வகை என்று பிரித்துவிட்டுப் பேசுங்கள்

எங்கள் கூட்டத்தில் நடக்கும் சண்டைகளில் முக்கால்வாசி இது தெரியாமல் வருவது. அவர் பாடியதெல்லாம் ஒரே ரகம் இல்லை.

ஒன்று நேர்ப் பகடி. மேலே சொன்ன ஐந்தும் அதுதான், ஒரு குறிப்பிட்ட பாட்டின் மெட்டு, புதுச் சொல். இரண்டாவதை நாங்கள் பாணிப் பகடி என்கிறோம். இதில் எந்த ஒரு பாட்டின் மெட்டும் இல்லை, ஒரு குழுவோ பாடகரோ எப்படிப் பாட்டுக் கட்டுவார்களோ அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொண்டு முழுப் புதுப் பாட்டையே எழுதிவிடுவார். டிவோ என்ற குழுவின் பாணியில் 1985-இல் ‘டேர் டு பி ஸ்டூபிட்’ எழுதினார். பாப் டிலனின் பாணியில் ‘பாப்’ என்று ஒன்று, அதன் ஒவ்வொரு வரியும் பின்னாலிருந்து படித்தாலும் அதே வரிதான். நம் ஆட்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை, மாலைமாற்று என்று தேவாரத்திலேயே சம்பந்தர் பாடி வைத்திருக்கிறார். டிலன் பாட்டு பலருக்கு அர்த்தம் பிடிபடாது, ஆனால் ஏதோ ஆழமாக இருப்பது போலத் தோன்றும். அதே தோரணையில் அர்த்தமே தேவைப்படாத மாலைமாற்று வரிகளை அடுக்கிப் பாடினால் அதுவும் ஆழமாகத்தான் கேட்கிறது. டிலனைக் கேட்காமல் இதைக் கேட்டால் வெறும் சொல் விளையாட்டு, கேட்டபின் கேட்டால் ஒரு முழு விமர்சனக் கட்டுரை.

மூன்றாவது போல்கா. அவரது ஆல்பங்களில் பெரும்பாலானவற்றில் ஒரு பாட்டு உண்டு, அந்தக் காலத்து ஹிட்டுகளில் பத்துப் பன்னிரண்டை எடுத்து, சொல்லை மாற்றாமல், அக்கார்டியனில் குதியாட்டம் போடும் போல்கா தாளத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துவிடுவார். தோவாளைப் பூச்சந்தையில் கதம்பம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான், பிச்சியும் மரிக்கொழுந்தும் கொழுந்தும் ஒரே நாரில். சொல் மாறவில்லை, தாளம் மட்டும் மாறியது, அதற்கே சிரிப்பு வருகிறது என்றால் அந்த மூலப் பாட்டின் சோகமும் கோபமும் எவ்வளவு தூரம் தாளத்தில்தான் உட்கார்ந்திருந்தது என்று யோசிக்க வேண்டும். 1984-இல் முதல் கதம்பம் வந்தது, 2024-இலும் ஒன்று வந்தது.

இவை தவிர யாரையும் பகடி செய்யாத கதைப் பாட்டுகளும் உண்டு. 1999-இல் வந்த ‘ஆல்பக்கர்க்கி’ பதினோரு நிமிடத்துக்கும் மேல் ஓடும். இதை முதல் நாளே கேட்காதீர்கள், ஆறு மாதம் கழித்துக் கேளுங்கள்.

இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒருவர் கேட்பார், ‘கோயில் கொடைக்கும் தேர்தலுக்கும் சினிமா மெட்டுல புதுச் சொல் போட்டுப் பாடுறாங்களே, அதுவும் பகடிதானே?’ நல்ல கேள்வி, இதைச் சும்மா தாண்டிப் போகக் கூடாது. நம் மாவட்டத்தில் மெட்டைக் கடன் வாங்காத இடமே கிடையாது. கொடை விழாவில் சாமி பாட்டு, பிரச்சார ஜீப்பில் வேட்பாளர் பாட்டு, கீர்த்தனைகளில் பலவும் முன்பே இருந்த மெட்டில் உட்கார்ந்தவை. ஆனால் அங்கெல்லாம் மெட்டு ஒரு வாகனம். மூலப் பாட்டு என்ன சொன்னது என்பது நினைவுக்கு வராமல் இருப்பதே அவர்களுக்கு நல்லது. பகடியில் தலைகீழ், மூலம் உங்கள் தலைக்குள் கூடவே ஓட வேண்டும், இரண்டும் உரசும் இடத்தில்தான் சிரிப்பு. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வாதம் தீர்ந்துவிடும். விளவங்கோடு பக்கத்து ஆட்கள் இதை மற்றவர்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள், ஓணக் காலத்து மலையாளப் பாரடியும் மிமிக்ரியும் கேட்டு வளர்ந்த காது அது.

ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனையும் இங்கே கொண்டுவந்தாக வேண்டும். ‘நல்லதம்பி’ (1949) படத்தில் வரும் அவருடைய கிந்தனார் காலட்சேபத்தைக் கேளுங்கள். நந்தனார் சரித்திரக் காலட்சேபத்தை அப்படியே எடுத்துக்கொண்டார், பாடும் முறை, இடையில் வரும் வசனம், பாகவதர் தோரணை எல்லாம் அதேதான், ஆனால் நந்தன் சிதம்பரம் போக ஏங்கியது போல இங்கே கிந்தன் பட்டணம் போய்ப் படிக்க ஏங்குகிறான். நந்தனாரை அவர் ஏளனம் செய்யவில்லை. எல்லோருக்கும் தெரிந்த வடிவத்துக்குள் ஒரு புதுச் சரக்கை வைத்தார், வடிவம் தெரிந்ததால்தான் சரக்கு குத்தியது. தேரூர்க்காரர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ இன்னும் சுத்தமான உதாரணம். மான்மியம் என்றால் தலத்தின் பெருமையைப் பாடுவது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு மருமகனுக்குச் சொத்து போகும் வழக்கத்தால் நொந்துபோன குடும்பத்தின் கதையை ஒரு பெண்ணின் குரலில் பாடினார். வியர்ட் அல் பாணியை நமக்கு யாரும் புதிதாக இறக்குமதி செய்து தரவில்லை என்று நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறேன், இதை எழுதும்போதும் சொல்கிறேன். கலைவாணரைக் கேட்ட காதோடு வந்தால் உங்களுக்கு வேலை சுலபம்.

மூன்றாவது: வீடியோவைக் கடைசியில் பாருங்கள், சத்தமில்லாமல் ஒரு தடவை பாருங்கள்

பாட்டைக் கேட்காமல் நேராக வீடியோவுக்குப் போனால் கண் முந்திக்கொண்டுவிடும், பாட்டு எப்படி என்பது கடைசி வரை தெரியாது. பாட்டு மனப்பாடமான பின் வீடியோ. அதிலும் மூல வீடியோவை முதலில்.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு, இரண்டு போனை அருகருகே வைத்து, சத்தத்தை அணைத்துவிட்டு, மூலத்தையும் பகடியையும் ஒரே நேரத்தில் ஓட விடுவோம். ‘பீட் இட்’, ‘ஈட் இட்’ இரண்டையும் இப்படிப் பார்த்தால்தான் எவ்வளவு உழைப்பு என்று விளங்கும். அதே படுக்கை, அதே தெரு, அதே சிவப்பு ஜாக்கெட். மூலத்தின் கிட்டார் தனி வாசிப்பில் எடி வான் ஹேலன் செய்ததை இங்கே ரிக் டெரிஞ்சர் வாசிக்கிறார், அவர்தான் அலின் முதல் ஆறு ஆல்பங்களுக்கும் தயாரிப்பாளர். ‘ஃபேட்’ வீடியோவுக்கு ஜாக்சனே ஒரு சுரங்க ரயில் நிலைய செட்டைப் பயன்படுத்த விட்டார். நிர்வானா பகடிக்கு மூல வீடியோவில் துடைப்பத்தோடு நின்ற அதே துப்புரவாளர் நடிகரையே கூப்பிட்டு வந்தார்கள். ‘ஆமிஷ் பாரடைஸ்’ வீடியோவில் அவர் தெருவில் நடக்கும்போது சுற்றியுள்ள எல்லாம் பின்னோக்கிப் போகும், அவர் உதடு மட்டும் பாட்டோடு சரியாக ஓடும். அதை எடுக்க வரிகளைத் தலைகீழாகப் பாடப் பழக வேண்டியிருக்கும், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

2014-இல் ‘மேண்டட்டரி ஃபன்’ ஆல்பம் வந்தபோது எட்டு நாளில் எட்டு வீடியோ வெளியிட்டார். ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது, 1963-க்குப் பிறகு ஒரு நகைச்சுவை ஆல்பம் அங்கே ஏறியது அதுதான் முதல் தடவை. அதில் ‘வேர்ட் க்ரைம்ஸ்’ என்ற பாட்டு ஆங்கில இலக்கணப் பிழைகளைத் திட்டுவது, வீடியோ முழுக்க எழுத்துகள்தான் ஆடும். எங்கள் கூட்டத்தில் ஒரு தமிழாசிரியர் அக்கா இருக்கிறார், ஒற்று மிகும் இடம் மிகா இடம் பற்றி இப்படி ஒன்று வர வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், அவர்தான் எழுத வேண்டும்.

நான்காவது: பின்னணியைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

இங்கே அதிகம் சொல்ல வேண்டியது அனுமதி விஷயம். அமெரிக்கச் சட்டத்தில் பகடி நியாயமான பயன்பாடாக ஏற்கப்படலாம் என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1994-இல் ஒரு ராப் குழுவின் வழக்கில் சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் அல் மூலப் பாடகரிடம் கேட்காமல் செய்வதில்லை. நிர்வானா குழுவின் பாடகர் கர்ட் கோபெய்னிடம் போனில் கேட்டபோது, இது சாப்பாட்டைப் பற்றிய பாட்டா என்று அவர் திருப்பிக் கேட்டாராம், இல்லை, நீங்கள் பாடுவது யாருக்கும் புரிவதில்லை என்பதைப் பற்றி என்றதும் சம்மதித்துவிட்டார். பாடகர் பிரின்ஸ் ஒரு தடவை கூட ஒத்துக்கொண்டதில்லை. பீட்டில்ஸ் குழுவில் இருந்த பால் மெக்கார்ட்னி சைவ உணவுக்காரர், தன் பாட்டைக் கோழி பற்றிய பாட்டாக மாற்ற வேண்டாம் என்றார், அலும் விட்டுவிட்டார். ‘லைக் எ வர்ஜின்’ பாட்டை ‘லைக் எ சர்ஜன்’ ஆக்கலாமே என்ற யோசனை அதைப் பாடிய மடோனாவிடமிருந்தே வந்தது. கூலியோ விஷயத்தில் மட்டும் சிக்கல். அவர் சம்மதித்துவிட்டார் என்று அலுக்குச் சொல்லப்பட்டிருந்தது, பாட்டு வந்தபின் நான் சம்மதிக்கவே இல்லை என்றார் கூலியோ. அதன்பின் நடுவில் இருப்பவர்களின் பேச்சை நம்பாமல் பாடகரிடமே நேராகக் கேட்பது அலின் வழக்கமாகிவிட்டது. பிற்காலத்தில் கூலியோவும் தான் அப்படிக் கோபப்பட்டிருக்க வேண்டியதில்லை என்று சொன்னார்.

இதையெல்லாம் 2022-இல் வந்த அவரது வாழ்க்கைப் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள நினைக்காதீர்கள். டேனியல் ராட்கிளிஃப் நடித்த அந்தப் படமே வாழ்க்கைப் படங்களைப் பகடி செய்யும் படம், அதில் வருவதில் பெரும்பகுதி நடக்காதது. ஒரு தம்பி அதிலிருந்து தகவல் எடுத்து ஒரு மணி நேரம் வாதாடினார், மிகவும் வருத்தமாகப் போய்விட்டது அவருக்கு.

ஐந்தாவது: வாதாடும் முறை

நிமிடமும் வினாடியும் சொல்லிப் பேசுங்கள். ‘மொக்கை’, ‘வேற லெவல்’ இரண்டும் எங்கள் மாடியில் செல்லாது. எந்த வரி, எந்த இடம், மூலத்தில் அங்கே என்ன இருந்தது, இவர் அங்கே என்ன வைத்தார், அது ஏன் பிடித்தது அல்லது பிடிக்கவில்லை. இவ்வளவு சொன்னால் எதிராளி கூட ‘அத இன்னொரு தடவ போடு மக்கா’ என்று கேட்பார். அந்த ஒரு நொடிக்காகத்தான் நாங்கள் கூடுகிறோம்.

சாப்பாட்டுப் பாட்டு சண்டை கண்டிப்பாக வரும். ஆரம்ப காலத்தில் அவர் இறைச்சி, ஐஸ்கிரீம், உருளைக்கிழங்கு என்று தின்பதைப் பற்றியே நிறையப் பாடினார், 1993-இல் அவற்றை மட்டும் தொகுத்து ஒரு ஆல்பமே வந்தது. சோம்பேறித்தனம் என்கிறது ஒரு கட்சி. நான் அப்படி நினைக்கவில்லை. பாப் பாட்டு எப்போதும் காதல், வீரம், இதயம் என்று பெரிய விஷயமே பேசும், அதைக் கீழே இறக்க அடுப்படியைவிட நல்ல இடம் எது? எல்லா ஊருக்கும் எல்லாச் சாதி மதத்துக்கும் தெரிந்தது பசி.

ஆமிஷ் பாட்டு பற்றிய சண்டை வேறு ரகம், அதை மெதுவாகப் பேச வேண்டும். ஆமிஷ் என்பவர்கள் மின்சார இணைப்பும் காரும் வேண்டாம் என்று குதிரை வண்டியில் எளிமையாக வாழும் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். ஓய்வு பெற்ற ஒரு சபை ஊழியர் அண்ணாச்சி எங்கள் கூட்டத்துக்கு இரண்டு தடவை வந்தார். ‘திருப்பி அடிக்காதவங்கள கிண்டல் பண்றது சரியா தம்பி?’ என்று கேட்டார். மாடியே அமைதியாகிவிட்டது. பாட்டில் சிரிப்பு ஆமிஷ் மக்களின் மேல் விழுகிறதா, தெருச் சண்டைப் பாட்டின் வீறாப்பின் மேல் விழுகிறதா என்று வரி வரியாகப் பார்த்தோம். இரண்டின் மேலும் விழுகிறது என்றுதான் முடித்தோம், அண்ணாச்சி முழுக்கச் சம்மதிக்கவில்லை. நானும் இப்போது அந்தப் பாட்டை முன்போலக் கேட்பதில்லை, என்றாலும் கேட்கிறேன்.

‘ஃபேட்’ பாட்டும் அப்படி ஒன்று, உடல் பருமனை வைத்துச் சிரிப்பது இன்றைக்குப் பலருக்கு உறுத்துகிறது. ஜாக்சன் மேல் வந்த குற்றச்சாட்டுகளைப் பற்றிய ஆவணப்படம் 2019-இல் வந்தபோது, யாருக்கும் சங்கடமாக இருக்கக் கூடாதென்று அல் அந்த வருடக் கச்சேரிகளில் ஜாக்சன் பகடிகளை விட்டுவிட்டார். ‘வேர்ட் க்ரைம்ஸ்’ பாட்டில் ஒரு சொல் உடல் குறைபாடு உள்ளவர்களைப் புண்படுத்தும் என்று சுட்டிக்காட்டியபோது, தெரியாமல் போட்டுவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார். ரசிகராக இருந்துகொண்டே இதையெல்லாம் பேசலாம். அவரைக் காப்பாற்றுகிறேன் என்று யாரும் கத்த வேண்டாம், அவரே நம்மைவிட நிதானமாகத்தான் நடந்திருக்கிறார்.

ஆறாவது: நீங்களே ஒன்று எழுதிக் கொண்டு வாருங்கள்

மூன்றாவது கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் நாலு வரி எழுதி வர வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. எழுதாதவருக்கு அலின் வேலை எவ்வளவு நுணுக்கமானது என்று காது வழியாக மட்டும் முழுக்கத் தெரியாது. எப்படி எழுதுவது? முதலில் சொல்லை மறந்துவிட்டு மெட்டைத் தன்னானே தானானே என்று தத்தகாரத்தில் எழுதுங்கள். எங்கே குறில், எங்கே நெடில், எங்கே ஒற்று இடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகுதான் சொல்.

ஒரு உதாரணம். எல்லோருக்கும் தெரிந்ததே இருக்கட்டும், ‘நிலா நிலா ஓடி வா’. தக்கலைக்காரர் ஒருவர் ‘பலா பலா ஓடி வா’ என்று கொண்டு வந்தார். ஒரே ஒரு எழுத்து மாற்றம், ‘பீட்’, ‘ஈட்’ மாதிரி, குறிலும் நெடிலும் அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் உடனே எதிர்ப்பு வந்தது, ‘நம்ம ஊர்ல எவம்ல பலான்னு சொல்லுவான், சக்கைன்னுல்லா சொல்லுவோம்?’ சரிதான். எனவே ‘சக்கை சக்கை ஓடி வா’ என்று பாடிப் பார்த்தோம், இடித்தது. நிலா என்பதில் முதல் எழுத்து லேசாகப் போய் இரண்டாவதில் குரல் நிற்கிறது, சக்கையில் முதல் அசையிலேயே ஒற்று வந்து காலை மடக்கிவிடுகிறது. சந்தத்துக்காக நம் சொல்லை விடுவதா, சொல்லுக்காகச் சந்தத்தை விடுவதா என்று அரை மணி நேரம் போனது. கடைசியில் அடுப்படியிலிருந்து அந்த வீட்டு அம்மா, ‘சுளைன்னு பாடுங்கப்பா’ என்றார். ‘சுளை சுளை ஓடி வா’. சந்தமும் நின்றது, சொல்லும் நம்முடையது.

‘மல்லிகைப்பூ கொண்டு வா’ என்ற வரிக்கு ‘மட்டிப்பழம் கொண்டு வா’ என்று ஒருவர் எழுதினார். நாலு ஒலி இருந்த இடத்தில் நாலு ஒலிதான், நம் மாவட்டத்துப் பழம்தான், இருந்தும் பாடும்போது தட்டுகிறது. மல்லிகையில் குறில் இரண்டாவதாக இருக்கிறது, மட்டிப்பழத்தில் மூன்றாவதாகப் போய்விட்டது. ‘முந்திரிக்கொத்து கொண்டு வா’ என்று போட்டால் உட்கார்ந்துவிடுகிறது, கடைசியில் வரும் ‘து’ குற்றியலுகரம், பாதி ஒலியாகக் குறைந்து நழுவிவிடும். இந்த நுணுக்கத்தை ஒரு தடவை கையால் தொட்டபின் ‘ஈட் இட்’ பாட்டைத் திரும்பப் போட்டுக் கேளுங்கள், ஒவ்வொரு வரியிலும் எத்தனை சொல்லை எடுத்துப் பார்த்துக் கழித்திருப்பார் என்று தோன்றும்.

எழுதியதைப் பாடி வீடியோ போட நினைக்கிறவர்களுக்கு ஒன்று. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விமர்சனத்துக்காகப் பயன்படுத்துவதற்கு இடம் தருகிறது, 1996-இல் கேரள உயர் நீதிமன்றமும் ஒரு நாடகத்துக்கு எதிராக எழுதப்பட்ட எதிர் நாடகத்தின் வழக்கில் பகடியின் பக்கம் நின்றது. ஆனால் அதை நம்பி யாருடைய இசைத் தட்டையும் பின்னணியில் அப்படியே ஓட விடாதீர்கள், மெட்டுக்கு ஒரு உரிமை, அந்தப் பதிவுக்கு வேறு உரிமை. அல் குழு செய்வது போல நீங்களே வாசித்துப் பாடுங்கள். அக்கார்டியன் கிடைக்காவிட்டால் ஆர்மோனியம் போதும், காற்றும் ரீடும்தான் இரண்டிலும். எங்களிடம் ஒரு பழைய ஆர்மோனியம் இருக்கிறது, இரண்டு கட்டை பேசாது.

கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஹெட்போன், மூலப் பாட்டின் வரிகள் எழுதிய ஒரு தாள், தின்ன ஏதாவது கொண்டு வாருங்கள், நேந்திரன் சிப்ஸ் மட்டும் வேண்டாம், கடிக்கிற சத்தத்தில் பாட்டு கேட்காது. ஜூனிலும் ஐப்பசியிலும் மழை பிடித்துவிட்டால் மாடித் தகரத்தில் எதுவும் கேட்காது, கீழே உள் அறையில் உட்காருவோம், செருப்பைத் திண்ணைக்கு உள்ளே தள்ளி வையுங்கள். மார்த்தாண்டம் போகிறவர்கள் எட்டரைக்குக் கிளம்பிவிடுங்கள். எட்டு இருபதுக்கு யாராவது ‘ஆல்பக்கர்க்கி’ போடலாமா என்று கேட்டால், அடுத்த மாதம் என்று சொல்லிவிட்டுப் பையை எடுங்கள்.